புது மட்டையின் முதல் அடி

"சார், எனக்கு மூன்று ஆப்பு வந்திருக்கிறது!" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே என் மேல்வீட்டு நண்பர் ஒரு நாள் காலையில் உள்ளே நுழைந்தார்.

நான் பயந்துபோனேன். மூன்று ஆப்பை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் இருக்க முடியுமா? உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. இனிமேல் அவருக்கு ஆப்பு வைப்பதற்கு மேலதிகாரிகூடக் கிடையாது. பிறகுதான் விஷயம் புரிந்தது. அமெரிக்காவிலிருக்கும் பையன் அப்பாவுக்குக் கோல்ஃப் மட்டைகள் மூன்று அனுப்பியிருந்தான். அந்த வகை மட்டைக்கு 'வெட்ஜ்' என்று பெயர். தச்சர்கள் ஆப்பு என்று சொல்வதையே ஆங்கிலத்தில் வெட்ஜ் என்கிறார்கள். நண்பர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் கே.கே. நகரில் கோல்ஃப் ஆடுகிறவர் ஒருவர் இருப்பதே அதிசயம். இது 1970களில் வீட்டு வசதி வாரியம் கோடு கிழித்து, தெரு பிரித்து, நடுத்தரக் குடும்பங்களுக்கென்று உண்டாக்கிய பேட்டை. இங்கே பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுவார்கள். பெரியவர்கள் சிவன் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்து சர்க்கரையைக் குறைப்பார்கள். கோல்ஃப் என்பது சினிமாவில் பணக்காரக் கதாநாயகியின் தகப்பனார் ஆடுகிற ஆட்டம் என்றுதான் எங்களில் பலருடைய எண்ணம். என் நண்பருக்கு இந்தப் பழக்கம் வடக்கே உத்தியோகம் பார்த்த இடத்தில் தொற்றிக்கொண்டது.

மூன்று மட்டைகளையும் என் எழுத்து மேஜைமேல் பரப்பினார். இரண்டு வெள்ளிபோலப் பளபளத்தன. மூன்றாவது கறுத்துக் கிடந்தது. அதன் தலைமேல் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

"இது துருப்பிடிக்கும் சார்" என்றார் பெருமையாக.

காப்பி கொண்டுவந்த என் மனைவி நின்றுவிட்டாள். "துருப்பிடிக்கிற சாமானையா இத்தனை விலை கொடுத்து வாங்கினீர்கள்?"

"முலாம் பூசாமல் விட்டிருக்கிறார்கள் அம்மா. துருவேறினால் வெயிலில் கண்ணைக் கூசாது. பந்தையும் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்கிறார்கள்."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மாவு சல்லடை துருப்பிடித்தபோது நான் என்ன சொன்னேன் என்பதை அவள் நினைத்துக்கொண்டாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவரோடு நானும் மைதானத்துக்குப் போனேன். மைதானத்தின் பெயர் இந்தக் கதைக்கு அவசியமில்லை. அங்கே நண்பருடைய பையைத் தூக்குவதற்கு ஒரு பெரியவர் காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான கறுத்த தேகம், தோளில் ஒரு துண்டு. பை தூக்குகிறவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்கிறார்கள். நம்முடைய போலீஸ் நிலையத்துப் பலகையில் படம் தொங்குகிற கேடிக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. இருவருக்குமே ஊரின் ஒவ்வோர் அங்குல நிலமும் மனப்பாடம்.

நண்பர் பச்சைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு புது மட்டையை எடுத்தார். இருமுறை வீசிப் பார்த்தார். "என்ன கனம் சார்! தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது" என்றார். பிறகு அடித்தார். பந்து மேலே எழும்பி மெல்ல இறங்க வேண்டும். அது பாம்புபோலத் தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு பச்சையைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் புதருக்குள் போய்விட்டது. இன்னொரு பந்து, அதுவும் அப்படியே. மூன்றாவதுக்கும் அதே கதி. நண்பரின் முகம் சுருங்கிவிட்டது.

பெரியவர் மட்டையை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அதன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு காலால் தரையை ஓர் உதை உதைத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

"இதுக்கு வயிறு பெருத்துப்போச்சு சார். மெத்துமெத்துன்னு இருக்கிற மண்ணுக்குச் செஞ்சது. நம்ம மண்ணு சித்திரையிலே கல்லு. வயிறு பட்டதும் எகிறிடுது. மணல்லே போட்டுப் பாருங்க, அப்போ தெரியும் இதோட குணம். இங்கே வேண்டாம். பழசையே எடுங்க."

பழைய மட்டை வந்தது. பந்தும் ஒழுங்காக எழும்பிப் பச்சையில் இறங்கியது.

'வயிறு பெருத்தது' என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு இரும்புத் துண்டுக்கு வயிறு எப்போது வந்தது, யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. நாவலாசிரியனுக்கு உள்ள கெட்ட பழக்கங்களில் இது ஒன்று.

கோல்ஃப் நம் நாட்டுக்கு வந்தது நேற்றல்ல. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே மிகப் பழமையான கோல்ஃப் கிளப் நம்முடைய கல்கத்தாவில் இருக்கிறது. ஆரம்பித்த வருஷம் 1829. பிறகு பம்பாயில் 1842-ல், பெங்களூரில் 1876-ல், கொடைக்கானலில் 1895-ல் என்று இந்த ஆட்டம் பரவியது. சணல் வியாபாரத்துக்கும் பட்டாளத்துக்கும் வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பைத்தியத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நம்மவர்கள் போன இடமெல்லாம் பிள்ளையாரைக் கொண்டுபோகவில்லையா, அதுபோல.

சென்னையில் வெள்ளைக்காரர்கள் கிளப் வைத்ததும் பழைய கதைதான். 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் சுதந்திரம் வந்த பிறகும் வெகு நாள்வரை இந்தியர் உறுப்பினராக முடியாது. அதனால்தான் 1873-ல் இந்தியரும் கௌரவமாகச் சேரக்கூடிய காஸ்மாபாலிடன் கிளப் தோன்றியது. 1884-ல் ஜிம்கானா கிளப் வந்தது. கிண்டியில் குதிரைப் பந்தய ஓடுகளத்தின் வட்டத்துக்குள்ளே ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானம் அமைந்தது. காஸ்மாபாலிடன் கிளப்பின் மைதானம் பிற்பாடு நந்தனம் பக்கத்தில் உண்டாயிற்று. கிண்டி நிலத்தை 1945-ல் 99 வருஷக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் அரசாங்கம் அந்தக் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கரையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. 99 வருஷம் என்றால் யாருக்கும் சாசுவதம்போலத்தான் தோன்றும். ஆனால் நிலத்தின் கணக்கு வேறு, மனிதனின் கணக்கு வேறு.

இருக்கட்டும், மட்டைக்கு வருவோம். மட்டைக்கு முன்னால் பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிது எது வந்தாலும் ஆட்டக்காரர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள் என்பதற்குப் பந்தின் கதையே சாட்சி.

ஆதியில் கோல்ஃப் பந்து தோல் பைக்குள் இறகை அடைத்துத் தைத்தது. ஒரு பெரிய தொப்பி நிறைய வாத்து இறகை வேகவைத்து, ஒரு சின்னப் பந்துக்குள் திணிக்க வேண்டும். கைதேர்ந்த வேலைக்காரன் நாள் முழுவதும் உழைத்தால் மூன்று, நாலு பந்து தேறும். மழையில் நனைந்தால் பந்து சோறாகிவிடும். விலையோ யானை விலை. இந்தச் சமயத்தில், சுமார் 1848-ல், கட்டாபெர்ச்சா என்ற பிசினால் செய்த பந்து வந்தது. மலாயாக் காட்டு மரத்துப் பால் அது. வெந்நீரில் போட்டால் இளகும். உருட்டி வைத்தால் இறுகும். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலிருந்த ஒரு பாதிரியாருக்குக் கீழ்த்திசையிலிருந்து ஒரு மகாவிஷ்ணு விக்கிரகம் பார்சலில் வந்ததாம். விக்கிரகம் உடையாமலிருக்க இந்தப் பிசினைச் சுற்றிலும் அடைத்திருந்தார்களாம். வீட்டுப் பையன் அதை எடுத்து உருக்கிப் பந்து செய்தானாம். இது கர்ண பரம்பரைக் கதை. சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் கோல்ஃப் சரித்திரம் எழுதுகிற வெள்ளைக்காரர்கள் அநேகமாக எல்லோரும் இதை விடாமல் சொல்கிறார்கள். பெருமாள் எங்கெங்கே எப்படியெப்படி அவதாரம் எடுக்கிறார், பாருங்கள்!

அந்த ஊரில் இறகுப் பந்து செய்வதில் பேர்போனவர் ஆலன் ராபர்ட்சன். அந்தக் காலத்தில் அவரை ஆட்டத்தில் ஜயித்தவர்கள் அபூர்வம். புதுப் பந்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது, தன் பிழைப்பில் மண் விழப்போகிறது என்று. புதுப் பந்தைத் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்ததோடு, தன் கடையில் வேலை செய்த டாம் மாரிஸ் என்பவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். ஒரு நாள் மாரிஸ் கைவசமிருந்த இறகுப் பந்துகள் தீர்ந்துபோய், யாரோ கொடுத்த புதுப் பந்தால் ஆடிவிட்டார். முதலாளி பார்த்துவிட்டார். இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் முற்றி, மாரிஸ் வேலையை விட்டார். பின்னாளில் அந்த மாரிஸ்தான் கோல்ஃப் உலகத்தின் பீஷ்மராக விளங்கினார். ராபர்ட்சனும் கடைசியில் புதுப் பந்துக்கே வந்து சேர்ந்தார். வேறு வழி?

அதிலும் ஒரு வேடிக்கை. புதுப் பந்து வழவழவென்று இருந்தவரையில் சரியாகப் பறக்கவில்லை, தடுமாறி விழுந்தது. அடிபட்டு, வெட்டுப்பட்டு, தழும்பேறிய பிறகுதான் நேராகப் பறந்தது. இதைக் கண்ட தொழிலாளிகள் புதுப் பந்தைச் சுத்தியலால் கொத்தியே விற்க ஆரம்பித்தார்கள். அம்மியைக் கொத்தி வாங்குகிற நமக்கு இது ஆச்சரியமாக இராது. 1898-ல் ரப்பர் நூல் சுற்றிய பந்து அமெரிக்காவில் வந்தது. அதற்குப் பிறகு மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பெருகியபோது, அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளிகள். அந்தக் காலத்துப் பந்துகளை உரித்துப் பார்த்தால் எதில் யார் வியர்வை இருந்திருக்குமோ!

இனி மட்டை. மணலில் விழுந்த பந்தை எடுப்பதுதான் இந்த ஆட்டத்தில் மகா கஷ்டமான காரியம். பழைய காலத்தில் அதற்கு 'நிப்ளிக்' என்று ஒரு மட்டை. அதன் விளிம்பு கத்திமாதிரி இருக்கும். மணலில் இறக்கினால் அது மேலும் மேலும் புதையும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். 1928-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த மக்ளெய்ன் என்பவர் கரண்டிபோல் உட்குழிவான முகமுள்ள கனமான மட்டை ஒன்றுக்குப் பதிவுரிமை வாங்கினார். புகழ்பெற்ற பாபி ஜோன்ஸ் 1930-ல் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தில் அப்படிப்பட்ட ஒரு மட்டையால் மணலிலிருந்து தப்பித்துக் கோப்பையையும் கொண்டுபோனார். ஆனால் அந்தக் குழிவான முகம் ஒரே வீச்சில் பந்தை இரண்டு தடவை தொடுகிறது என்று ஆட்சேபம் எழுந்தது. 1931-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நம் கதாநாயகன் வருகிறார். ஜீன் சாரசன் என்று பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஒரு தச்சரின் மகன். சின்ன வயதிலேயே கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கப் போனார். பெற்றோர் வைத்த பெயர் யூஜீனியோ சரசேனி. அது பிடில் வித்வான் பெயர்மாதிரி இருக்கிறது என்று அவரே மாற்றிக்கொண்டார். இருபது வயதில் பெரிய பந்தயங்களை ஜயித்துவிட்டார். ஆனால் மணலைக் கண்டால் மட்டும் நடுக்கம்.

ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீசுவரரோடு அவர் ஒரு தடவை விமானத்தில் போனாராம். விமானம் எழும்பும்போது வால் பகுதி கீழே தாழ்ந்து, மூக்கு மேலே போவதைக் கவனித்தார். உடனே அவருக்கு மணல் ஞாபகம் வந்தது. மட்டையின் பின்பாகம் முன் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால், மணலில் புதையாமல் எழும்பாதா? பிளாரிடாவில் தாம் தங்கியிருந்த ஊருக்குத் திரும்பி, ஒரு நிப்ளிக்கின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டவைத்தார். அரத்தால் ராவினார்; அடித்துப் பார்த்தார். மறுபடியும் ஒட்டினார், மறுபடியும் ராவினார். தச்சன் மகன் அல்லவா! இப்படித்தான் இரும்புக்கு வயிறு வந்தது.

இதன் சூட்சுமத்தை நம் ஊர் உழவருக்கு ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். பழைய மட்டை ஏர்க் கொழு. மண்ணைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். புது மட்டை பரம்புப் பலகை. மண்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆட்டக்காரர் பந்தை அடிப்பதே கிடையாது. பந்துக்குப் பின்னால் ஓரிரண்டு அங்குலத்தில் மணலை அடிக்கிறார். வயிறு மணலில் வழுக்கி முன்னேற, ஒரு கை மணல் கிளம்புகிறது. அந்த மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. சமையலறைக்காரர்கள் தோசைத் திருப்பியை நினைத்துக்கொள்ளலாம். விளிம்பைக் குத்தினால் தோசை கிழியும். சாய்த்து வழுக்கவிட்டால் முழுசாக எழும்பும். கல்போன்ற தரையில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. வயிறு தரையில் மோதி எகிற, விளிம்பு பந்தின் நடுவில் போய் இடிக்கும். எங்கள் நண்பரின் மூன்று பந்துகளும் புதருக்குப் போன மர்மம் அதுதான்.

1932-ல் சாரசன் தம் ஈய ஒட்டு மட்டையோடு இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊருக்கு, பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனுக்குப் போனார். பெரியவர்கள் கண்ணில் பட்டால் இதையும் தடை செய்துவிடுவார்கள் என்று பயம். ஒத்திகை நாட்களில் மட்டையைப் பையில் தலைகீழாகச் செருகிவைப்பார். மாலையில் கோட்டுக்குள் ஒளித்து எடுத்துப்போவார். பந்தயம் ஆரம்பித்த பிறகுதான் வெளியே எடுத்தார். மொத்தம் 283 அடியில் முடித்து, அடுத்தவரை ஐந்து அடி வித்தியாசத்தில் ஜயித்துவிட்டார். மறு வருஷமே அந்த மட்டை கடைக்கு வந்துவிட்டது.

இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விமானத்தைப் பற்றி எழுதுகிறார்கள். ஈயத்தைப் பற்றி எழுதுகிறார்கள். என் மனம் வேறோர் இடத்தில் போய் நின்றுவிட்டது. சாரசன் தம் நினைவுக் குறிப்பில் டேனியல்ஸ் என்ற கிழவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு கேடி. 1928-ல் அதே சாண்ட்விச் ஊரில் நடந்த பந்தயத்தில் சாரசனுக்குப் பை தூக்கினார். ஒரு இடத்தில், "அந்தப் பெரிய மட்டை வேண்டாம்" என்று கிழவர் தடுத்தார். சாரசன் கேட்கவில்லை. பந்து புல்லுக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டே அடி வித்தியாசத்தில் கோப்பை கைநழுவியது. "நான் சாவதற்குள் உங்களுக்கு இந்தக் கோப்பையை வாங்கித் தருகிறேன்" என்றார் கிழவர். நாலு வருஷம் கழித்துச் சாரசன் திரும்பி வந்தபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது. இவர் இனி உதவமாட்டார் என்று சாரசன் ஒரு வாலிபனை அமர்த்திக்கொண்டார், ஆட்டம் சரிப்படவேயில்லை. கடைசியில் கிழவரையே கூப்பிட்டுக்கொண்டார். பிறகுதான் அந்த ஜயம். பரிசளிப்பின்போது, "இவரும் என் பக்கத்தில் நிற்கட்டும்" என்று சாரசன் கேட்டாராம். அப்படி வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாரசன் தம் மேல்கோட்டைக் கழற்றிக் கிழவருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் கிழவர் காலமாகிவிட்டார்.

அந்த மணல் மட்டை உலகம் முழுவதும் போயிற்று. கிழவருக்கு ஒரு கோட்டுதான் கிடைத்தது. ஆனால் கண் தெரியாத அந்தக் கிழவர் சொல்லியிராவிட்டால் மட்டை மட்டும் ஜயித்திருக்குமா?

பை தூக்குகிறவர்களின் சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான். தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த சேவ்சங்கர் சேவ்கோலம் என்பவரை எல்லோரும் 'பாப்வா' என்று அழைத்தார்கள். டர்பன் நகரத்தில் கேடியாக இருந்தவர். யாரும் சொல்லிக்கொடுக்காததால், கைகளை முன்பின்னாக மாற்றி மட்டையைப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959-ல் டச்சு ஓப்பனை ஜயித்தார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனையும் ஜயித்தபோது, வெள்ளையர் கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக்கூடாது என்பதால், மழையில் வெளியே நிறுத்தியே கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் நாட்டில் 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜயித்த டில்லி அலி ஷேரும், 2009-ல் ஜயித்த பெங்களூர் முனியப்பாவும் கேடியாக இருந்து மேலே வந்தவர்கள்தான். மற்றவர் தூக்கி எறிந்த மட்டையில் படித்த படிப்பு அது.

மட்டையின் கதை சாரசனோடு முடியவில்லை. ஒரு காலத்தில் எத்தனை மட்டை வேண்டுமானாலும் பையில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. லாசன் லிட்டில் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 31 மட்டைவரை கொண்டுபோனாராம். தூக்கினவர் பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். 1938-ல் அமெரிக்காவிலும், மறு வருஷம் பிரிட்டனிலும், 14-க்கு மேல் கூடாது என்று விதி வந்தது. மட்டையின் முகத்தில் உள்ள கோடுகளுக்கும் ஒரு சண்டை நடந்தது. கோட்டின் விளிம்பு கூராக இருந்தால் பந்தைக் கவ்வும். பந்து சுழன்றுகொண்டே போய் விழுந்த இடத்தில் நிற்கும், சில சமயம் பின்னாலும் வரும். மணல் அடிக்க அடிக்க விளிம்பு மழுங்கிவிடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் வருஷத்தில் பல தடவை இந்த மட்டையை மாற்றுகிறார்கள். கூர் அதிகமாகிவிட்டது என்று 2010 முதல் அதற்கும் எல்லை கட்டிவிட்டார்கள். ஆகவே புது மட்டை எடுத்தவர்கள், "பந்து சொன்ன பேச்சைக் கேட்கிறது" என்று பூரித்துப்போவதில் உண்மை இருக்கிறது. கோடு புதிது, கவ்வுகிறது. பாக்கிப் பூரிப்பு, கொடுத்த விலையைப் பொறுத்தது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். டேனியல்ஸ் கிழவரின் கதையைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை வேளையில் பெரியவர் எங்கள் தெருவுக்கு வந்தார். நண்பருடைய பழைய மட்டைகளுக்குப் பிடி மாற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் எதிர்வீடு பழைய வாரிய வீடு. அதை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். வாசலில் ஒரு லாரி மணல் குவிந்து கிடந்தது.

நண்பர் உள்ளே போய் அந்தக் கறுப்பு மட்டையை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அறுபது டிகிரி சாய்வு. அதைக் கண்டால் அவருக்கே கொஞ்சம் பயம்.

"பெரியவரே, இதை நான் இன்னும் தொடவில்லை. நீங்கள் அடித்துப் பாருங்கள்."

பெரியவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். வாங்கவில்லை.

"வேண்டாம் சார். நீங்க முதல்லே அடிங்க. புதுசு."

"நீங்கள்தான் அடிக்கவேண்டும். இது எப்படி என்று எனக்கு நீங்கள்தானே சொல்ல வேண்டும்?"

பெரியவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ஏதோபோல் இருந்தது. மைதானத்தில் கேடிகள் ஆடுவதற்கென்று ஒதுக்கிய நாளில்தான் அவர்கள் ஆடலாம். மற்ற நாளில் மட்டையைத் துடைக்கலாம், வீசக்கூடாது. நாற்பது வருஷத்துப் பழக்கம் கே.கே. நகர்த் தெருவிலும் அவர் கூடவே வந்திருந்தது.

"எனக்குன்னு இருக்கிறது ஒண்ணு. ஒரு துரை மாதிரி சார் வளைச்சு எறிஞ்சுட்டுப் போனது. சைக்கிள் கடையிலே நிமித்தி, அடியிலே ராவி வச்சிருக்கேன். புது மட்டையிலே முதல் அடின்னு ஒண்ணு நான் அடிச்சதே இல்லை சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நண்பர் உறையைக் கிழித்துவிட்டு மட்டையை அவர் கையில் வைத்தார்.

மணல் குவியலின் ஓரத்தில் பந்தை வைத்தார் பெரியவர். செருப்பைக் கழற்றினார். பாதத்தை மணலுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்தி ஊன்றிக்கொண்டார். எதிரே, எங்கள் காம்பவுண்டுக்குள் என் மனைவி துணி ஊறவைத்த பிளாஸ்டிக் வாளி இருந்தது. இருபதடி தூரம் இருக்கும். நடுவில் என் மார்பளவுச் சுவர். அவர் வாளியை ஒரு தடவை பார்த்தார். மட்டை போனதையே நான் சரியாகப் பார்க்கவில்லை. 'பொத்' என்று ஒரு மெல்லிய சத்தம். ஒரு கை மணல் விசிறிபோல எழுந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளையாகப் பந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் சுவரைத் தாண்டி, வாளிக்கு ஒரு சாண் இப்பால் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

கொத்தனார் ஒருவர் சாரத்தின்மேலிருந்து கை தட்டினார். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. மட்டையைத் திருப்பி அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் நண்பர்.

"மணலே இல்லாதமாதிரி இருக்கு சார்" என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, "நான் இத்தனை நாளும் கையாலே தூக்கினேன். இது தானே தூக்குது" என்றார்.

பிறகு அவர் முகம் மாறியது. கறுப்பு முலாமற்ற இரும்பில் மணல் கீறி, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. துண்டால் துடைத்தார்; போகவில்லை. "கோடு விழுந்துபோச்சு சார்" என்றார் குற்றம் செய்தவர்போல.

நண்பர் மட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முதல் கோடு உங்களுடையது" என்றார். "மட்டையும் உங்களுடையதுதான். அது மணலுக்குச் செய்தது. எனக்கு மணலில் நிற்கவே தெரியாது. அடுத்த தடவை உங்கள் நாளில் நானும் வருகிறேன், எனக்குக் கற்றுக்கொடுங்கள்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. மட்டையைத் துண்டில் சுற்றினார். சைக்கிளின் நடுக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார். போகும்போது, "ஐயா, எண்ணெய் போடவேண்டாம்தானே? துருப்பிடிச்சாத்தானே நல்லது?" என்று கேட்டார்.

"துருப்பிடிக்கட்டும்" என்றார் நண்பர்.

அடுத்த நாள் காலையில் என் மனைவி வாளிக்குப் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தாள். இந்தக் கட்டுரையை எழுதும்போது அதுதான் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.